‘ஹாலிடே ஸ்பிரிட்ஸ்’: வாத்தியம் இல்லாத கிறிஸ்துமஸ் சிரிப்புத் தொகுப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பர் பிறந்துவிட்டால், பத்து இளைஞர்கள் வரிசையாக நின்று ஒரு கிறிஸ்துமஸ் பாட்டைப் பாடத் தொடங்கி, பாதி வழியில் வேறெங்கோ போய்விடும் பழைய காணொளி ஒன்று கைப்பேசிகளில் மீண்டும் சுற்றத் தொடங்குகிறது. அதைப் பார்த்துச் சிரித்தவர்களும், எங்கே சிரிக்க வேண்டும் என்று பிடிபடாமல் விழித்தவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். அந்தக் காணொளியால் பிறந்த இசைத்தொகுப்பே இங்கு பேசப்படும் பொருள்.

இது எந்தத் தொகுப்பு? பாடியவர்கள் யார்?

‘ஸ்ட்ரெய்ட் நோ சேஸர்’ என்ற பெயருடைய அமெரிக்க ஆண்கள் பாடகர் குழு 2008 அக்டோபர் இறுதியில் வெளியிட்ட ‘ஹாலிடே ஸ்பிரிட்ஸ்’ என்னும் தொகுப்பு இது. குழு தொடங்கப்பட்டது 1996-இல், இண்டியானா மாநிலத்தின் ப்ளூமிங்டன் நகரிலுள்ள இண்டியானா பல்கலைக்கழகத்தில். பத்து மாணவர்கள், பத்துக் குரல்கள். வாத்தியம் எதுவும் கிடையாது. கல்லூரியை விட்டுப் பல ஆண்டுகள் கழித்து, அவரவர் வேலையில் அமர்ந்த பிறகு, அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்துக்காக அவர்கள் மீண்டும் ஒன்றுகூடிப் பதிவு செய்த முதல் தொகுப்பு இதுவாகும்.

‘அகப்பெல்லா’ என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

இத்தாலிய மொழியில் ‘தேவாலய முறைப்படி’ என்று பொருள். இன்று வாத்தியத் துணையின்றிக் குரலால் மட்டும் பாடப்படும் எந்தப் பாட்டுக்கும், அது பக்திப் பாட்டானாலும் குடிப்பாட்டானாலும், இச்சொல்லையே வழங்குகிறார்கள். தமிழ் வாசகருக்கு ஓர் உதாரணம் உடனே நினைவுக்கு வரும். 1993-இல் வந்த ‘திருடா திருடா’ படத்தில் ஷாகுல் ஹமீது பாடிய ‘ராசாத்தி’ பாட்டில், பின்னணியில் நாம் கேட்பது முழுக்க மனிதக் குரல்களே. அந்தப் பாட்டின் உருக்கத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் குறும்பை வைத்தால் இந்தக் குழுவின் பாணி ஓரளவு பிடிபடும்.

அமெரிக்கக் கல்லூரிகளில் இதற்கு நீண்ட மரபு உண்டு. யேல் பல்கலைக்கழகத்தின் ‘விஃபன்பூஃப்ஸ்’ குழு 1909-இலேயே தொடங்கிவிட்டது. ஸ்ட்ரெய்ட் நோ சேஸர் பிறந்த அதே 1996-இல், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இந்திய வம்சாவளி மாணவர்கள் ‘பென் மசாலா’ என்ற குழுவைத் தொடங்கி, இந்தித் திரைப்பாடல்களையும் ஆங்கிலப் பாடல்களையும் கலந்து பாடினார்கள்.

தொகுப்பின் பெயரில் ஏதோ சிலேடை இருப்பதாகச் சொல்கிறார்களே?

இருக்கிறது, அதுவும் ஒன்றல்ல. ‘ஸ்பிரிட்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல் மன உற்சாகத்தையும் குறிக்கும், சாராய வகையையும் குறிக்கும். ஆகவே ‘ஹாலிடே ஸ்பிரிட்ஸ்’ என்பது ‘விடுமுறைக் களிப்பு’, ‘விடுமுறைச் சரக்கு’ என இரண்டாகவும் விரியும். குழுவின் பெயரும் அதே கடையைச் சேர்ந்ததுதான். ‘சேஸர்’ என்பது காரமான மதுவை விழுங்கியபின் நாக்கைத் தேற்றிக்கொள்வதற்காகக் குடிக்கும் மென்பானம். அது வேண்டாம், கலப்பில்லாமல் கொடு என்று மதுக்கூடத்தில் கேட்பதே ‘ஸ்ட்ரெய்ட், நோ சேஸர்’. ஜாஸ் பியானோ மேதை தெலோனியஸ் மங்க் அமைத்த புகழ்பெற்ற இசைக்கோவை ஒன்றுக்கும் இதுவே பெயர். வாத்தியம் என்ற கலப்பில்லாத குரல் என்பதற்கு இது பொருந்தி வருவதை மறுக்க முடியாது.

பிற்பாடு வந்த தொகுப்புகளின் பெயர்களையும் பாருங்கள். 2009-இல் ‘கிறிஸ்துமஸ் சியர்ஸ்’, 2010-இல் ‘வித் எ ட்விஸ்ட்’, 2013-இல் ‘அண்டர் தி இன்ஃப்ளூயன்ஸ்’, 2015-இல் ‘தி நியூ ஓல்ட் ஃபேஷண்ட்’. ‘சியர்ஸ்’ என்பது கோப்பையை உயர்த்திச் சொல்லும் வாழ்த்து, ‘ட்விஸ்ட்’ மதுவில் இடும் எலுமிச்சைத் தோல் சுருள், ‘அண்டர் தி இன்ஃப்ளூயன்ஸ்’ என்றால் குடிபோதையில், ‘ஓல்ட் ஃபேஷண்ட்’ ஒரு மதுக்கலவை. ஒவ்வொன்றும் கோப்பையைச் சுற்றியே வருகிறது. ஒரு சிலேடையை இத்தனை ஆண்டுகள் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது கொஞ்சம் அதிகம்தான் என்பது என் எண்ணம். ஆனால் கல்லூரிப் பருவத்தில் வைத்த பெயரை நாற்பது வயதிலும் சுமக்க வேண்டியிருந்தால், அதை விளையாட்டாகவே வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

1998-ஆம் ஆண்டுக் காணொளி எப்படி 2008-ஆம் ஆண்டுத் தொகுப்பாயிற்று?

1998 டிசம்பரில் ப்ளூமிங்டன் வளாகத்தில் நடந்த ஒரு கச்சேரியில், ‘கிறிஸ்துமஸின் பன்னிரண்டு நாள்கள்’ என்ற பழைய ஆங்கிலப் பாட்டைக் குழுவினர் தங்களுக்கே உரிய முறையில் குழப்பிப் பாடினார்கள். அது வழக்கம்போல ஒளிநாடாவில் பதிவாயிற்று. பிறகு எல்லாரும் பட்டம் பெற்றுக் கலைந்தார்கள். குழுவைத் தொடங்கிய டான் போன்ஸ் சிகாகோவில் தொலைக்காட்சிச் செய்தியாளரானார். மற்றவர்களும் ஆளுக்கொரு வேலையில் அமர்ந்தார்கள். குழுவின் பத்தாண்டு நிறைவை ஒட்டி 2006-இல் உறுப்பினர் ராண்டி ஸ்டைன் அந்த நாடாவை யூடியூபில் ஏற்றினார். பழைய நண்பர்கள் பார்க்கட்டும் என்பதற்கு மேல் அவருக்கு வேறு நோக்கம் இருக்கவில்லை.

ஓராண்டு அது அங்கே சும்மா கிடந்தது. 2007 டிசம்பரில் திடீரென்று பரவி, பல இலட்சம் பேர் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தின் அப்போதைய தலைவர் கிரெய்க் கால்மன். அவர் தொடர்புகொண்டபோது காணொளிக்கு ஒன்பது வயது ஆகியிருந்தது. திரையில் தெரிந்த மாணவர்கள் முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். 2008-இல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸுக்கு முன்பே தொகுப்பு கடைக்கு வந்துவிட்டது. காணொளி பரவியதற்கும் தொகுப்பு வெளிவந்ததற்கும் இடையே ஓராண்டு கூட இல்லை.

அவர்கள் குழப்பிய அந்த மூலப் பாட்டு என்ன?

இதை விளக்காமல் மற்றதை விளக்க முடியாது என்பதால், சற்று நின்று பார்ப்போம். கிறிஸ்துமஸ் தொடங்கிப் பன்னிரண்டு நாள்களுக்குக் காதலர் ஒருவர் நாளுக்கொரு பரிசு அனுப்புகிறார். முதல் நாள் பேரி மரத்தில் அமர்ந்த ஒரு கௌதாரி. இரண்டாம் நாள் இரண்டு புறாக்கள். அவற்றோடு மறுபடியும் ஒரு கௌதாரி. மூன்றாம் நாள் மூன்று கோழிகள், இரண்டு புறாக்கள், ஒரு கௌதாரி. இப்படியே ஐந்து பொன் மோதிரங்கள், ஆறு வாத்துகள், ஏழு அன்னங்கள், எட்டுப் பால்காரிகள், ஒன்பது நடனப் பெண்கள், பத்துப் பிரபுக்கள், பதினொரு குழலூதிகள், பன்னிரண்டு முரசு கொட்டுவோர் என்று வளர்ந்துகொண்டே போகிறது. ஒவ்வொரு நாளும் முந்தைய நாள்களின் பட்டியல் முழுவதையும் தலைகீழாக ஒப்பிக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டினால் 364 பரிசுகள் வருகின்றன, ஆண்டின் நாள்களுக்கு ஒன்று குறைவு. அதில் நாற்பது மோதிரங்களைக் கழித்தால் மிச்சமெல்லாம் உயிருள்ளவை. பன்னிரண்டு பேரி மரங்களையும் நடுவதற்கு இடம் வேண்டும். அந்தக் காதலியின் வீட்டை நினைத்து நான் இரக்கப்பட்டிருக்கிறேன். இந்தப் பட்டியலின் விலையைக் கணக்கிட்டு வெளியிடுவதை அமெரிக்க வங்கியொன்று 1984 முதல் ஆண்டுதோறும் வேடிக்கையாகச் செய்துவருகிறது.

இப்பாட்டு இங்கிலாந்தில் சுமார் 1780-இல் ஒரு குழந்தைகள் புத்தகத்தில் அச்சாயிற்று. நாம் இன்று கேட்கும் மெட்டுக்கு, குறிப்பாக ‘ஐந்து பொன் மோதிரங்கள்’ என்ற இடத்தில் எல்லாரும் மூச்சை இழுத்து நீட்டும் அந்த நடைக்கு, 1909-இல் ஃபிரெடரிக் ஆஸ்டின் செய்த அமைப்பே காரணம்.

அது முதலில் ஒரு நினைவாற்றல் விளையாட்டாக இருந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். வட்டமாக உட்கார்ந்து ஒருவர் பின் ஒருவராகச் சொல்லி வருவார்கள். யாராவது பட்டியலில் தடுக்கினால் அபராதம் கட்ட வேண்டும். ஆகவே தவறு என்பது இந்தப் பாட்டின் பிறவியிலேயே இருக்கிறது. தேவாலயங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் அதைப் பிழையின்றிப் பாடிப் பாடி, அந்த விளையாட்டை எல்லாரும் மறந்துபோனார்கள். இந்த மாணவர்கள் தடுக்கி விழுந்து அதை நினைவுபடுத்தினார்கள்.

அவர்கள் அதில் என்னதான் செய்கிறார்கள்?

தொடக்கம் மிகவும் ஒழுங்காக இருக்கிறது. முதல் சில நாள்கள் நல்ல பிள்ளைகளாகப் பாடுகிறார்கள். கேட்பவரும், இன்னும் ஒன்பது நாள் இருக்கிறதே என்ற அலுப்போடு சாய்ந்து உட்காருகிறார். அந்த அலுப்பையே அவர்கள் முதலாக்குகிறார்கள். ஒரு குரல் அடுத்த நாளுக்குப் போகும்போது இன்னொரு குரல் முந்தின நாளிலேயே நிற்கிறது. பட்டியலின் நடுவே வேறொரு கேரலின், அதாவது கிறிஸ்துமஸ் கீதத்தின், அடி எட்டிப் பார்க்கிறது. அதை நாம் அடையாளம் காண்பதற்குள் பழைய பாட்டு திரும்பிவிடுகிறது. வழி தவறியவர் அசட்டுச் சிரிப்போடு வரிசைக்குத் திரும்புவதும், மற்றவர்கள் கவனியாததுபோல் நேரே பார்த்து நிற்பதும் மேடைக் காணொளியில் தெரியும்.

இவற்றில் எதுவும் உண்மையான தவறு அல்ல. இரண்டு பாட்டுகளை மோதவிட்டால் சாதாரணமாகச் சுருதி உரசும், காது கூசும். இங்கே நுழையும் ஒவ்வொரு பாட்டும் அதே தாளத்துக்கும் அதே சுர அடுக்குக்கும் வெட்டித் தைக்கப்பட்டிருக்கிறது. ஒருவர் அரை மாத்திரை பிந்தினாலும் நகைச்சுவை போய், உண்மையான குழப்பம் வந்துவிடும். சர்க்கஸில் கம்பியிலிருந்து விழுவதுபோல் நடிக்கும் கோமாளிதான் அந்தக் கூடாரத்திலேயே நன்றாகக் கம்பி மேல் நடக்கத் தெரிந்தவர். இந்தப் பத்துப் பேரையும் நான் அந்தக் கோமாளிகளின் வரிசையில் வைக்கிறேன்.

இந்தக் கலவை முழுவதும் மாணவர்களின் கைவண்ணம் அல்ல என்பதையும் சொல்லிவிடுவதே நியாயம். அடிப்படை அமைப்பை ரிச்சர்ட் கிரெகரி என்பவர் 1968-இல் எழுதினார். மாணவர்கள் அதை எடுத்துத் தங்களுக்கேற்ப மாற்றி, ஒரு வாலையும் ஒட்டவைத்தார்கள். அந்த வாலைப் பற்றித்தான் அடுத்த கேள்வி வருகிறது.

கிறிஸ்துமஸ் பாட்டின் முடிவில் ஆப்பிரிக்கா எப்படி வந்தது?

இதுவே அதிகம் கேட்கப்படும் கேள்வி. ‘டோட்டோ’ என்ற அமெரிக்க ராக் இசைக்குழு 1982-இல் வெளியிட்ட ‘ஆப்பிரிக்கா’ என்ற பாட்டு, 1983-இன் தொடக்கத்தில் அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதல் இடத்துக்கு வந்தது. 1998-இல் மேடையேறிய இந்த மாணவர்கள் அப்போது சிறு குழந்தைகள். காரிலும் சமையலறையிலும் வானொலி வழியாக அது அவர்கள் காதில் ஊறியிருக்கும். பன்னிரண்டாம் நாளின் பரிசு முரசு கொட்டுவோர் அல்லவா? முரசு என்றதும் பாட்டு மெல்ல அந்த ராக் பாடலின் தாளத்துக்குச் சரிகிறது. கௌதாரி, குழலூதி எல்லாரும் புதிய மெட்டில் ஏறிக்கொள்ள, கடைசியில் தனக்குக் கிறிஸ்துமஸ் ஆப்பிரிக்காவில் வந்தது என்ற பொருளில் அனைவரும் உச்சக் குரலில் முழங்குகிறார்கள்.

டோட்டோவின் மூலப் பாட்டிலேயே ஆப்பிரிக்க மழை, கிளிமஞ்சாரோ, செரெங்கெட்டி எல்லாம் தர்க்கத்துக்கு அதிகம் கட்டுப்படாமல் மிதந்துகொண்டிருக்கும். ஏற்கனவே கொஞ்சம் அபத்தமான பாட்டின் மேல் இன்னொரு அபத்தத்தை ஏற்றும்போது, இரண்டுமே ஏனோ கம்பீரமாகிவிடுகின்றன. இந்த இடத்தில் அரங்கம் எழுப்பும் ஆரவாரத்தில் சிரிப்பு பாதி. மீதி, பாட்டு அவ்வளவு நன்றாக இருக்கிறதே என்ற வியப்பு.

நடுவில் ‘டிரெய்டல்’ என்று ஒரு சொல் கேட்கிறதே, அது என்ன?

டிரெய்டல் என்பது யூதர்கள் ஹனுக்கா பண்டிகையில் சுற்றிவிடும் நாற்புறப் பம்பரம். களிமண்ணால் ஒரு பம்பரம் செய்தேன் என்று தொடங்கும் குழந்தைப் பாட்டு அமெரிக்க யூத வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்தது. கிறிஸ்துமஸ் பட்டியலின் நடுவே ஒருவர் தெரியாத்தனமாக அண்டை வீட்டுப் பண்டிகைக்குள் நுழைந்துவிட்டதுபோல் அது ஒலிப்பதே வேடிக்கை. ஹனுக்கா பெரும்பாலும் டிசம்பரில் வருவதால், அமெரிக்காவில் ‘கிறிஸ்துமஸ் பாடல்கள்’ என்பதற்குப் பதிலாக ‘விடுமுறைப் பாடல்கள்’ என்றே பலரும் சொல்லிப் பழகியிருக்கிறார்கள். தொகுப்பின் பெயரில் ‘ஹாலிடே’ என்ற சொல் வந்த பின்னணியும் இந்தப் பழக்கமே.

முரசும் கிதாரும் தெளிவாகக் கேட்கின்றனவே. உண்மையிலேயே வாத்தியம் இல்லையா?

இல்லை. தொண்டையும் உதடும் நாக்கும் செய்யும் வேலை அது. ‘ப’ என்ற ஒலியை உதட்டை இறுக்கி வெடிக்கவைத்தால் பெரிய முரசின் அடி. பல்லிடுக்கில் ‘ட்ஸ்’ என்றால் தகடுகளின் ஒலி. ‘க’வும் ‘ஃப’வும் சேர்ந்தால் சிறு முரசின் விளாசல். ஒலிவாங்கியை உதட்டோடு ஒட்டிப் பிடிப்பதால் மெல்லிய காற்றும் இடியாக வந்து சேர்கிறது. நம் கொன்னக்கோலோடு இதை ஒப்பிடுவோர் உண்டு. கொன்னக்கோல் கலைஞர் தாளச் சொற்கட்டுகளைச் சொற்களாகவே, ஒவ்வொரு எழுத்தும் விளங்கும்படி சொல்கிறார். இவர்களோ வாய் என்பதே தெரியாமல் கருவியாக ஒலிக்கப் பார்க்கிறார்கள். இரண்டுக்கும் நோக்கமே வேறு.

மற்ற குரல்களின் பங்கீடு ஏறக்குறைய இப்படி இருக்கும். அடிக்குரலில் பாடும் ஒருவர் ‘டும் டும்’ என்று பேஸ் கிதாரின் வேலையைப் பார்க்கிறார். நடுக்குரல்காரர்கள் நான்கைந்து பேர் ‘ஊ’, ‘ஆ’ என்ற நீண்ட ஒலிகளால் பியானோவோ வயலின் கூட்டமோ விரித்துத் தர வேண்டிய சுர அடுக்கை விரித்துத் தருகிறார்கள். மேல்குரலில் ஒருவர் பாட்டைச் சொல்கிறார். பத்துப் பேர் இருப்பதில் ஒரு வசதி உண்டு: ஒரே நேரத்தில் எல்லாரும் மூச்சு வாங்காமல் முறைவைத்து வாங்கிக்கொள்ளலாம் என்பதால், ஒலியில் எங்கும் ஓட்டை விழாது. ஆபத்தும் ஒன்று உண்டு. சுருதிப்பெட்டியோ பியானோவோ துணைக்கு இல்லாத பாடகர் கூட்டம், பாட்டு நீள நீளத் தன்னையறியாமல் சுருதியில் இறங்கிக்கொண்டே போகும். தொடங்கும் முன் பிட்ச் பைப் என்ற சிறு ஊதுகருவியில் ஒரு சுரத்தை ஊதிக் காட்டுவார்கள். அதற்குப் பிறகு காதுதான் கதி.

ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்லாவற்றையும் திருத்திவிடலாம் அல்லவா?

இன்றைய அகப்பெல்லா தொகுப்புகளில் குரல்களைத் தனித்தனித் தடங்களில் பதிந்து, அளவைச் சரிக்கட்டி, எதிரொலி சேர்த்து மெருகேற்றுவது பொது வழக்கம். அதனால் இந்த வகைத் தொகுப்புகள் சில வேளைகளில் அளவுக்கு மீறிப் பளபளக்கும். ‘ஹாலிடே ஸ்பிரிட்ஸ்’ பற்றியும் எனக்கு அந்தச் சிறு குறை உண்டு. பன்னிரண்டு நாள் பாட்டை மேடைப் பதிவில் கேட்கும்போது, கூட்டத்தின் சிரிப்பு எங்கே வெடிக்கும், அதற்குப் பாடகர்கள் எவ்வளவு இடம் விடுவார்கள் என்பதும் பாட்டின் பகுதியாகிறது. தொகுப்பில் முகங்கள் இல்லை. நகைச்சுவை முழுவதையும் ஒலியே சுமக்க வேண்டியிருக்கிறது. முதலில் 1998 காணொளியைப் பார்த்துவிட்டுத் தொகுப்புக்கு வருமாறு யார் கேட்டாலும் சொல்வேன்.

தொகுப்பு முழுவதும் நகைச்சுவைதானா?

அல்ல. நகைச்சுவைப் பாட்டை நம்பி வாங்கியவர்களுக்கு இது முதல் ஏமாற்றமாகவும், பிறகு ஆறுதலாகவும் இருந்திருக்கும். மெதுவான பாடல்களைக் குழுவினர் குறும்பின்றி நேராகவே பாடியிருக்கிறார்கள். ‘இண்டியானா கிறிஸ்துமஸ்’ என்று தங்கள் ஊரை நினைத்துப் பாடும் சொந்தப் பாட்டும் இருக்கிறது. இடைவிடாமல் சிரிக்கவைக்கும் தொகுப்பை மூன்றாம் முறை கேட்க முடியாது. சிரிப்புக்கு நடுவே நேரான பாட்டு வரும்போதுதான், இவர்கள் பாடத் தெரியாமல் குழம்பவில்லை என்பது உறுதியாகிறது.

‘கேன்-கேன்’ பாட்டு இதில்தானே இருக்கிறது?

இல்லை, அது அடுத்த ஆண்டு வந்த ‘கிறிஸ்துமஸ் சியர்ஸ்’ தொகுப்பில் இருக்கிறது. இரண்டையும் பலர் மாற்றிச் சொல்கிறார்கள். பிரெஞ்சு இசையமைப்பாளர் ஜாக் ஆஃபன்பாக் 1858-இல் ஓர் இசைநாடகத்துக்கு எழுதிய துள்ளல் நடன மெட்டில், கிறிஸ்துமஸ் காலத்துக் கடைவீதி நெரிசலையும், எங்கே திரும்பினாலும் கேட்கும் அதே பாட்டுகளையும், இதில் பங்கில்லாத யூதர்களின் மனக்குறையையும் அது அடுக்குகிறது. கால்களைத் தூக்கி ஆடும் அந்த நடனத்தின் வேகத்தில் சொற்கள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு ஓடுவதால், பாட்டே ஒரு தள்ளுபடி விற்பனைக் கூட்டம்போல் ஆகிவிடுகிறது. சொல்லால் சிரிக்கவைக்கும் பாட்டு அது. பன்னிரண்டு நாள் பாட்டு இசையால் சிரிக்கவைக்கிறது. எனக்குப் பின்னதுதான் அதிகம் பிடிக்கும்.

பனிக்காலப் பாட்டெல்லாம் கிறிஸ்துமஸ் பாட்டுதானா?

அப்படித் தோன்றினாலும் அல்ல. ‘ஜிங்கிள் பெல்ஸ்’ 1857-இல் ஜேம்ஸ் பியர்பான்ட் வெளியிட்ட பாட்டு. குதிரை பூட்டிய சறுக்குவண்டியில் பனியில் விரைவதைப் பற்றிப் பேசும் அதில், கிறிஸ்துமஸ் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. ‘லெட் இட் ஸ்னோ’ என்ற பனிப்பாட்டை சாமி கானும் ஜூல் ஸ்டைனும் 1945 ஜூலையில், ஹாலிவுட்டின் கொளுத்தும் வெயிலில் எழுதினார்கள். அதிலும் பண்டிகை கிடையாது. ‘கேரல் ஆஃப் தி பெல்ஸ்’ எனப்படுவது, உக்ரைனில் புத்தாண்டுக்குப் பாடப்படும் நாட்டுப்பாடலை அடியொற்றி மைக்கோலா லியோன்டோவிச் பாடகர் குழுவுக்காக அமைத்தது. வீட்டுக்கு வளம் வரப்போகிறது என்று ஒரு தகைவிலான் குருவி பறந்துவந்து சொல்வதுதான் மூலத்தின் செய்தி. அதுவும் வாத்தியமின்றிக் குரல்களுக்காகவே எழுதப்பட்டது என்பதால், அகப்பெல்லா குழுக்கள் அதை எடுக்கும்போது தாய்வீட்டுக்குத் திரும்புகிறது என்றே சொல்லலாம்.

நம்பிக்கை உள்ளவர்களின் மனம் புண்படுமா?

பன்னிரண்டு நாள் பாட்டில் கேலிக்கு உள்ளாவது பாட்டின் நீளமும் அதைப் பாடும் சடங்கும்தான். கிறிஸ்துவின் பிறப்பு அதன் பேச்சிலேயே வருவதில்லை. குடிப் பழக்கத்தைத் தொட்டு நிற்கும் பெயர்கள் சில வீடுகளில் முகச்சுளிப்பை உண்டாக்கலாம். அதற்கு மேல் குழந்தைகள் முன் ஒலிக்கவிடத் தயங்க வேண்டிய எதையும் நான் இதில் கேட்கவில்லை.

ஆங்கிலக் கேரல்கள் தெரியாத எனக்கு இது சிரிப்பை வரவழைக்குமா?

உள்ளபடி சொன்னால், முதல் முறை வராது. ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டு நுழைகிறது என்பது இரண்டையும் அறிந்தவருக்கே தெரியும். சினிமாப் பாட்டை மாற்றிப் பாடும் நம் மேடைக் கலைஞரின் நிகழ்ச்சிக்கு ஒரு நார்வேக்காரரை அழைத்துப்போனால், அவர் அக்கம்பக்கத்தார் சிரிப்பதைப் பார்த்துப் புன்னகை செய்வார் அல்லவா? அதே நிலைதான்.

முன்கூட்டியே ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். பன்னிரண்டு நாள் பாட்டின் வழக்கமான வடிவம் ஒன்றை முழுவதும், அலுப்புத் தட்டும்வரை கேளுங்கள். அந்த அலுப்பு தேவைப்படும். பிறகு டிரெய்டல் பாட்டையும் டோட்டோவின் ‘ஆப்பிரிக்கா’வையும் ஒவ்வொரு முறை கேளுங்கள். அதன் பின் 1998 காணொளிக்கு வந்தால், பாட்டு எங்கே தடம் மாறுகிறது என்பதை உங்கள் காதே சொல்லும்.

எங்கள் ஆலயப் பாடகர் குழுவிலோ கல்லூரியிலோ இதைப் பாடலாமா?

பாடலாம், ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பழைய கேரல்கள் யாருடைய உடைமையும் அல்ல. ‘ஆப்பிரிக்கா’ போன்ற பாட்டுக்கும் இந்தக் கலவையின் அமைப்புக்கும் உரிமை இருக்கிறது. உரிய முறையில் அச்சான இசைத்தாளை வாங்கிப் பாடுவதும், பதிந்து வெளியிடுவதானால் அனுமதி பெறுவதும் முறை.

மற்றது பயிற்சி பற்றியது. தவறு செய்வதுபோல் நடிக்கும் பாட்டை எடுக்கும் குழு, முதலில் மூலப் பாட்டைத் தவறின்றிப் பன்னிரண்டு நாளும் பாடப் பழக வேண்டும். அதுவரை நகைச்சுவையைத் தொடாதிருப்பதே நல்லது. கேரல் ரவுண்ட்ஸில் தெருத் தெருவாகப் பாடிப் பழகிய நம் குழுக்களுக்குக் குரல் வலுவுக்குக் குறைவில்லை. கிதாரும் டிரம்ஸும் இல்லாமல் சுருதியில் நிற்பதே பெரும்பாடாக இருக்கும். ஆலயத்துக்குள் எட்டுப் பேரோடு தொடங்கி, மூன்று நிமிடம் பாடிய பின் கீபோர்டில் தொடங்கிய சுரத்தை அழுத்திப் பாருங்கள். எவ்வளவு இறங்கியிருக்கிறோம் என்று தெரியும்போது எல்லாருக்கும் நன்றாகச் சிரிப்பு வரும்.

பல்கலைக்கழகத்தில் அந்த மாணவர் குழு இப்போதும் இருக்கிறதா?

இருக்கிறது. முதல் பத்துப் பேர் பட்டம் பெற்றுப் போனபோது தங்கள் இடத்தில் இளையவர்களைச் சேர்த்துவிட்டே போனார்கள். அந்தச் சங்கிலி அறுபடவில்லை. மூத்தவர்கள் பழைய பெயரிலேயே தொழில்முறைக் குழுவாகிவிட்டதால், ஒரே பெயரில் இரண்டு குழுக்கள் என்ற சிக்கல் எழுந்தது. மாணவர் குழு தன் பெயரை மாற்றிக்கொண்டது. இப்போது அதன் பெயர் ‘அனதர் ரவுண்ட்’, அதாவது மதுக்கூடத்தில் ‘இன்னொரு சுற்று கொண்டு வா’ என்று சொல்வது.